அபர்ஃபெல்டியில் வீட்டைச் சுத்தம் செய்ய யாரை அமர்த்துவது?

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் மலைப்பகுதியில், டே ஆற்றங்கரையில் இருக்கும் அபர்ஃபெல்டி, சுமார் 2,000 பேர் வாழும் சிற்றூர். ஜெனரல் வேட் 1733-இல் கட்டுவித்த கற்பாலத்தையும், டியூவர்ஸ் விஸ்கி வடிசாலையையும், மோனஸ் அருவிக்கு ஏறும் பிர்ச் மரப் பாதையையும் பார்க்கக் கோடைக்காலம் முழுவதும் மக்கள் வந்து தங்கிச் செல்கிறார்கள். பெர்த் நகரம் ஏறத்தாழ 32 மைல் தொலைவில் இருக்கிறது. ரயில் கிளைப்பாதை 1965-இலேயே மூடப்பட்டுவிட்டதால், பெர்த்திலிருந்து வேலைக்கு வருபவர் பெரும்பாலும் ஏ9 நெடுஞ்சாலையில் வந்து, பாலின்லூயிக்கில் திரும்பி, ஏ827 சாலையைப் பிடிக்க வேண்டும்.

கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ துப்புரவாளர் ஒருவரை அமர்த்த நினைப்பவர், கைபேசிச் செயலியில் பத்துப் பேரின் மணிக்கட்டணத்தை அருகருகே வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம். அபர்ஃபெல்டி போன்ற ஊரில் அந்தச் செயலிகளைத் திறந்தால் பெரும்பாலும் ஆளே காட்டாது. காட்டினாலும் அவர் தொலைவில் இருப்பார். எனவே இங்கே கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. சாலைத் தொலைவுக்கான செலவை யார் ஏற்கிறார், அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார் வருவார், ஏதாவது உடைந்தாலோ யாருக்காவது அடிபட்டாலோ பொறுப்பு யாருடையது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்து வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

வழிகளைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பகுதி வீடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நகர வீட்டில் கைதேர்ந்தவருக்கும் இங்கே சில புதிய பாடங்கள் உண்டு. ஊருக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் உண்டு. ஆனால் ஊரைத் தாண்டி வீம், ஃபோர்டிங்கல், கிளென் லயன் பக்கம் போனால் பல வீடுகள் செப்டிக் தொட்டியை நம்பியிருக்கின்றன. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்தத் தொட்டிக்குள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், நகரப் பழக்கத்தில் ஒவ்வொரு முறையும் ப்ளீச்சைத் தாராளமாக ஊற்றுகிறவர் சில மாதங்களில் வீட்டுக்காரருக்குத் தொட்டிச் செலவை இழுத்து வைப்பார். ஸ்காட்லாந்தின் குடிநீர் பெரும்பாலும் மென்னீர். இங்கிலாந்தின் தென்கிழக்கில் குழாய்களிலும் கெட்டில்களிலும் படியும் வெள்ளைச் சுண்ணப்படிவு இங்கே பெரிய தொல்லை இல்லை, சோப்பும் குறைவாகவே போதும். மாறாக, ஓடையிலிருந்தோ ஊற்றிலிருந்தோ தனியாக நீர் எடுக்கும் வீடுகளில், பீட் மண் (சதுப்பில் தாவரங்கள் மக்கி உண்டான மண்) கலந்த நீர் குளியல் தொட்டிகளில் பழுப்புக் கறையை ஏற்றிவிடும்.

விறகு அடுப்பு இன்னொரு பாடம். மேலே சாம்பல் ஆறிக் கிடப்பதுபோலத் தெரிந்தாலும், உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடும். அதைத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் எடுத்தால் முதலில் பை கருகும், பிறகு இயந்திரமே தீப்பிடிக்கலாம். பழக்கமான உள்ளூர்க்காரர் என்ன செய்வார் என்பதைப் பார்த்திருக்கிறேன்: சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வாளியை வாசலுக்கு வெளியே கல்தரையில் வைத்துவிட்டு, ஈரமாக்கிய செய்தித்தாளை அதே சாம்பலில் தொட்டு அடுப்பின் கண்ணாடிக் கதவைத் தேய்ப்பார், கரி அப்படியே வழிந்து வந்துவிடும், கடையில் வாங்கிய திரவம் எதுவும் தேவைப்படாது. இலையுதிர் காலத்தில் தெற்குப் பார்த்த சன்னல்களிலும் பரண்களிலும் கூட்டங்கூட்டமாக வந்து ஒடுங்கும் ஈக்களும் அப்படித்தான். அவை அழுக்கினால் வருவதில்லை, குளிருக்கு ஒதுங்க வருகின்றன என்று தெரிந்தவர் அவற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வேலையைத் தொடர்வார். தெரியாதவர் வீட்டுக்காரரின் சுத்தத்தைச் சந்தேகிப்பார்.

இனி முதல் வழி, சுயதொழிலாக வேலை செய்யும் உள்ளூர்த் துப்புரவாளர். இப்படிப்பட்ட ஊர்களில் நல்ல துப்புரவாளர்கள் விளம்பரம் செய்வதில்லை. அஞ்சலகத்திலும், பள்ளி வாசலிலும், கடைப் பலகையிலும் விசாரித்துத்தான் பெயர் தெரியவரும். ஒருவர் வேறொருவரிடம் தம் துப்புரவாளரைச் சொல்லிக் கொடுப்பதே பெரிய நம்பிக்கையின் அடையாளம். இவரிடம் மூன்று நன்மைகள் இருக்கின்றன. தொலைவு குறைவு. ஒரே ஆள் தொடர்ந்து வருவதால் வீட்டின் குணம் அவருக்குப் பழகிவிடும். மூன்றாவது வரி தொடர்பானது: ஆண்டு விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டாத தொழிலுக்கு வாட் வரிப் பதிவு கட்டாயமில்லை என்பதால், தனியாளாக வேலை செய்பவரின் கட்டணத்தில் அந்த 20 சதவீதம் சேராது.

இதன் பலவீனமும் அதே தனியாள் என்பதில்தான் இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் வேலை நின்றுவிடும். அவர் பிள்ளையின் பள்ளி விடுமுறை, அவர் காரின் பழுது எல்லாமே நம் வீட்டின் அட்டவணையைத் தொடும். இவற்றை ஏற்றுக்கொள்ள முடியாதவர் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வேலையின்போது பிறர் பொருளுக்கோ உடலுக்கோ சேதம் நேர்ந்தால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று அவரிடம் கேட்பது அவமதிப்பு ஆகாது. முறையாகத் தொழில் செய்பவர் சான்றிதழைத் தாமே எடுத்துக் காட்டுவார். வீட்டுச் சாவியைக் கொடுக்கத் தயங்குபவர், பின்னணியைச் சரிபார்க்கும் அரசு அமைப்பான டிஸ்க்ளோஷர் ஸ்காட்லாந்து வழங்கும் முதல் நிலைச் சான்றைக் கேட்கலாம். இன்னும் காலாவதியாகாத குற்றத் தீர்ப்புகளைக் காட்டும் அந்தச் சான்றுக்குத் துப்புரவாளர் தாமே விண்ணப்பிக்க முடியும். இருந்தாலும், மூன்று வீடுகளில் பல ஆண்டுகளாகச் சாவி வைத்திருக்கிறார் என்ற செய்திக்கு இந்த ஊரில் காகிதத்தைவிட எடை அதிகம் என்பதே என் கருத்து.

இரண்டாவது வழி, நாமே முதலாளியாகி ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்வது. பலர் இதைத் தெரிந்து செய்வதில்லை. எந்த நேரத்தில் வர வேண்டும், எதை எப்படித் துடைக்க வேண்டும் என்று நாமே தீர்மானித்து, பொருட்களையும் நாமே கொடுத்து, வேறு ஆளை அனுப்பக் கூடாது என்றும் சொல்லிவிட்டு, அவரைச் சுயதொழிலாளர் என்று அழைத்தால் வரித்துறை அதை அப்படியே ஏற்காது. பெயரைப் பார்க்காமல் உறவின் தன்மையைத்தான் பார்க்கும். முதலாளி ஆகிவிட்டால் குறைந்தபட்ச ஊதியம், ஆண்டுக்கு 5.6 வார ஊதிய விடுப்பு, ஊதியச் சீட்டு, எழுத்து வடிவிலான வேலை விவரம் எல்லாம் கடமையாகிவிடும். 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டின் விதிப்படி, வாரத்துக்கு 125 பவுண்டுக்குக் குறைவாகக் கொடுத்தால் வரித்துறையில் முதலாளியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். பணியாளருக்கு வேறொரு வேலையோ ஓய்வூதியமோ இருந்தால், கொடுக்கும் தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு வேண்டும். அபர்ஃபெல்டியில் காலையில் ஹோட்டலிலும் மாலையில் பள்ளியிலும் வேலை செய்துகொண்டே இடையில் வீடு சுத்தம் செய்பவர்கள்தான் பெரும்பாலும் கிடைப்பார்கள் என்பதால், இந்த விதி இங்கே அநேகமாக எல்லோரையும் தொடும். வாரத்துக்கு இரண்டு மணி நேர வேலைக்கு இவ்வளவு ஏற்பாடு கட்டுப்படியாகாது. பெரிய பண்ணை வீடு, விருந்தினர் இல்லம், வாரத்துக்குப் பதினைந்து இருபது மணி நேர வேலை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. அப்போது அந்தப் பணியாளருக்கும் நிலையான வருமானம் கிடைக்கிறது, விடுப்புக்கு ஊதியம் கிடைக்கிறது. கிராமப்புறத்தில் இவ்விரண்டும் எளிதில் அமைவதில்லை.

மூன்றாவது வழி, இந்தப் பகுதியிலேயே நான்கைந்து பேரை வைத்து நடக்கும் சிறு நிறுவனம். இவர்களின் கட்டணத்தைக் கேட்டவுடன் தனியாளின் கட்டணத்தோடு ஒப்பிட்டு முகம் சுளிப்பவர்கள், அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கான சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. 5.6 வார விடுப்புக்கு ஏறத்தாழ 12.07 சதவீதம் சேர்த்தால் 13.68 பவுண்டு. நிறுவனம் வாட் பதிவு பெற்றதாக இருந்தால், அந்தத் தொகைக்கே 20 சதவீதம் சேர்த்து 16.42 பவுண்டு ஆகிறது. இதில் கார் ஒரு மைல்கூட ஓடவில்லை, ஒரு துடைப்புத் துணிகூட வாங்கப்படவில்லை, முதலாளி செலுத்தும் தேசியக் காப்பீடோ ஓய்வூதியப் பங்களிப்போ கணக்கில் வரவில்லை. ஊதியமும் ஏப்ரல்தோறும் உயர்த்தப்படுகிறது. எனவே வாட் சேர்த்து இதற்கு அருகில் ஒருவர் விலை சொன்னால், அந்த மலிவு யாருடைய வயிற்றிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்டுத்தான் தீர வேண்டும். பெரும்பாலும், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குப் பணியாளருக்கு ஊதியம் தராமல் விடுவதில்தான் அந்த மலிவு ஒளிந்திருக்கும். அந்த இடைப்பயண நேரமும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேர வேண்டிய வேலை நேரமே. கென்மோரிலிருந்து கிளென் லயனின் உட்பகுதிக்கு ஒற்றைத் தடச் சாலையில் போவதற்கு ஆகும் நேரத்தை நினைத்தால், அது எவ்வளவு பெரிய தொகை என்பது புரியும்.

அதிகம் கொடுக்கும் அந்தப் பணத்துக்குச் சிறு நிறுவனம் திருப்பித் தருவது முக்கியமாக ஒன்று: ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார். அதோடு, பணியாளர் வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் குறைந்தது 50 லட்சம் பவுண்டு மதிப்பிலான முதலாளி பொறுப்புக் காப்பீடு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம் என்பதால், வேலையில் ஒருவருக்கு அடிபட்டால் அந்தச் சுமை வீட்டுக்காரர் தலையில் விழுவது அரிது. குறை என்னவென்றால், இந்த வாரம் வந்தவரே அடுத்த வாரமும் வருவார் என்ற உறுதி இல்லை. செப்டிக் தொட்டி, கங்கு, பழைய மரச் சன்னலின் தளர்ந்த கயிறு என்று ஒவ்வொன்றையும் புதியவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். நல்ல நிறுவனம் இவற்றை வீட்டு வாரியாக எழுதி வைத்திருக்கும். அப்படி எழுதி வைக்கிறார்களா என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி.

பெர்த்திலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வரும் பெரிய நிறுவனங்களையும் கிளைநிறுவனங்களையும் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. காரில் போய்வர 64 மைல். வரித்துறை நெடுங்காலமாக ஏற்றுவரும் மைலுக்கு 45 பென்ஸ் என்ற கணக்கில் பார்த்தாலே 28.80 பவுண்டு. இரண்டு மணி நேர வாராந்தர வேலைக்கு இந்தச் செலவைத் தாங்க முடியாது என்பதால், குறைந்தபட்ச நேரக் கட்டணம் வைப்பார்கள், அல்லது பனி விழும் சனவரி வாரத்தில் வர இயலவில்லை என்று செய்தி அனுப்புவார்கள். வாராந்தர வேலைக்கு இவர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் எப்போதாவது ஒரு முறை செய்யும் பெரிய வேலைகளுக்கு, அதாவது கம்பளங்களை இயந்திரத்தால் கழுவுதல், புகை படிந்த அறையைச் சீராக்குதல், வெள்ளம் புகுந்த தரைத்தளத்தை உலர்த்துதல், கட்டட வேலை முடிந்த பின் தூசி நீக்குதல் போன்றவற்றுக்கு, கருவியும் பயிற்சியும் அவர்களிடம்தான் இருக்கும். அப்போது பயணச் செலவு மொத்தத் தொகையில் சிறு பங்காகிவிடும். சன்னல் துடைப்பது தனித் தொழில். ஸ்காட்லாந்தில் 1982-ஆம் ஆண்டுக் குடிமை அரசுச் சட்டத்தின்படி பல உள்ளாட்சிக் கவுன்சில்கள் அதற்கு உரிமம் கேட்கின்றன என்பதால், வீட்டுத் துப்புரவாளரை ஏணியில் ஏறச் சொல்வது சரியில்லை.

இனி யாருக்கு எது ஒத்துவரும் என்று பார்ப்போம். இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம், வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேர உதவி போதும் என்றால், தனியாளான உள்ளூர்த் துப்புரவாளரே முதல் தேர்வு. ஒரு வாரம் தவறினால் வீடு கொஞ்சம் கலைந்திருக்கும், அவ்வளவுதான்.

தனியாக வாழும் முதியவரின் வீடு என்றால் யோசனை வேறு. ஸ்காட்லாந்தில் தனிநபர் பராமரிப்பு இலவசம் என்று கேள்விப்பட்டு, வீட்டைச் சுத்தம் செய்வதும் அதில் அடங்கும் என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. 2002 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த இலவசப் பராமரிப்பு, குளிப்பாட்டுதல், உடுத்துதல், உணவூட்டுதல் போன்ற உடல் சார்ந்த உதவிக்கானது. தரை துடைப்பதும் வழக்கமான துணி துவைப்பும் அதில் சேரா. ஆனால் ஓய்வூதிய வயதினருக்கான ஊனமுற்றோர் உதவித்தொகை, தகுதி உள்ளவருக்கு, அரசின் உதவித்தொகை அமைப்பான சோஷியல் செக்யூரிட்டி ஸ்காட்லாந்திலிருந்து கிடைக்கிறது. பழைய அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்குப் பதிலாக வந்து, 2025 ஏப்ரலில் நாடு முழுவதும் விரிந்த தொகை இது. அதை எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாததால் துப்புரவாளருக்கும் கொடுக்கலாம். ஊரில் துப்புரவுக்கு ஆள் தேடும் குடும்பங்கள் முதலில் இந்த விண்ணப்பத்தை முடித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். முதியவர் வீட்டுக்கு முகம் மாறாமல் ஒரே ஆள் வருவதே முக்கியம். வாரந்தோறும் வருபவர்தான் குளிர்பதனப் பெட்டியில் கெட்டுப்போன பாலையும், திறக்கப்படாத கடிதக் குவியலையும், முன்பு இல்லாத தடுமாற்றத்தையும் முதலில் கவனிப்பார். பிள்ளைகள் லண்டனிலோ டொரொண்டோவிலோ இருந்தால், அந்தக் கண்ணுக்கு இருக்கும் மதிப்பை மணிக்கட்டணத்தால் அளக்க முடியாது. ஆகவே தனியாளையே அமர்த்தி, அவர் வராத வாரத்துக்கு இன்னொருவரின் பெயரையும் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

விடுமுறை வீடு வைத்திருப்பவருக்கோ இந்த யோசனை முழுதாகத் தலைகீழாகும். காலை 10 மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பும், மாலை 4 மணிக்கு அடுத்த குடும்பம் வரும். இடையில் இருப்பது ஆறு மணி நேரம். அதற்குள் எல்லாப் படுக்கைகளுக்கும் விரிப்பு மாற்றி, அடுப்புச் சாம்பலை எடுத்து, விறகுக் கூடையை நிரப்பி, குளியலறைகளை முடிக்க வேண்டும். வெளியே ஹாட் டப் எனும் வெந்நீர்த் தொட்டி இருந்தால் நீரை வடித்து, கழுவி, மீண்டும் நிரப்பவே மணிக்கணக்கில் ஆகும்; அதில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும் அபாயம் இருப்பதால் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. சுற்றுவட்டாரத்தின் பெரும்பாலான விடுமுறை வீடுகளில் வெள்ளி அல்லது சனிக்கிழமைதான் ஆள் மாறுவதால், அன்று கூடுதலாக ஓர் ஆளைத் தேடினால் கிடைப்பது குதிரைக்கொம்பு. குறுகிய கால வாடகைக்கு விடுவதற்கு 2022-ஆம் ஆண்டு ஆணையின்படி உரிமம் வேண்டும். ஏற்கெனவே நடத்திவந்தவர்கள் விண்ணப்பிப்பதற்கான கெடு 2023 அக்டோபர் 1-இல் முடிந்தது. அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் புகை எச்சரிக்கைக் கருவி, நீர்ப் பாதுகாப்பு, பொதுப் பொறுப்புக் காப்பீடு எல்லாம் இருக்கின்றன. வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் குழாய்களையெல்லாம் திறந்து நீரை ஓடவிடுவதும், எச்சரிக்கைக் கருவியை அழுத்திப் பார்ப்பதும், செய்த தேதியைக் குறித்து வைப்பதும் துப்புரவாளர் கையில்தான் வந்து சேரும். இங்கே ஒரு சனிக்கிழமை தவறினால் வருவது கலைந்த வீடு அல்ல. வாசலில் பெட்டிகளோடு நிற்கும் குடும்பமும் திருப்பித் தர வேண்டிய பணமும். ஆகவே மாற்று ஆள் தரக்கூடிய உள்ளூர்ச் சிறு நிறுவனம்தான் என் தேர்வு. எடின்பரோவிலோ இங்கிலாந்திலோ இருந்துகொண்டு வீட்டை நடத்துபவருக்கு இதில் மறுயோசனையே தேவையில்லை.

வாடகை வீட்டைக் காலி செய்பவருக்கு ஒரு சொல். முன்பணம் ஸ்காட்லாந்தின் மூன்று அங்கீகரிக்கப்பட்ட திட்டங்களில் ஒன்றில்தான் இருக்கும். பிணக்கு வந்தால் குடிவந்த நாளின் பட்டியலையும் படங்களையும் வெளியேறிய நாளின் நிலையோடு ஒப்பிட்டே முடிவு செய்வார்கள். எனவே அரை நாள் வேலைக்கு ஆள் வைத்தாலும், நாமே செய்தாலும், அடுப்பின் உட்பக்கம், சன்னல் விளிம்பு, குளியலறை விசிறி ஆகியவற்றைப் படமெடுத்து வைப்பதும், ரசீதைப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

எந்த வழியானாலும், வேலை தொடங்கும் முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: மணிக்கட்டணத்தில் வாட்டும் பயணமும் அடக்கமா, பொருட்கள் யாருடையவை, சாவி எங்கே இருக்கும், கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொன்னால் என்ன தொகை. கடைசிக் கேள்வியைத் துப்புரவாளரின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு வர வேண்டாம் என்று செய்தி அனுப்பினால், அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு வீடு தேடிக்கொள்ள இது நகரமல்ல. குறைந்தது இரண்டு நாள் முன்னறிவிப்பு, இல்லையென்றால் பாதிக் கட்டணம் என்று நாமே முன்வந்து சொல்வது நியாயம். முதல் மாதத்தை முன்னோட்டமாக வைத்துக்கொள்வதற்கு எந்த நல்ல துப்புரவாளரும் மறுக்க மாட்டார். ஆனால் தேடலை ஈஸ்டருக்குப் பிறகு தொடங்கினால், கோடைக்கால விடுமுறை வீடுகள் எல்லோரின் நேரத்தையும் எடுத்துக்கொண்டிருக்கும். பிப்ரவரியில் விசாரிப்பவருக்கே விரும்பிய நாளும் விரும்பிய ஆளும் கிடைப்பார்கள்.